‘எலில்’: மூன்றே பாட்டு, ஒரு மணி நேரம்

ஓர் ஆங்கிலேயப் பங்க்-மெட்டல் குழுவின் ‘எலில்’ ஆல்பத்தைப் போட்டதும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் தவறு, சத்தத்தைக் கூட்டுவது. தொடக்கம் அடங்கியிருக்கிறது. கிதாரின் கம்பிகள் தனித்தனியாக, எதிரொலியோடு விழுகின்றன. கேட்பவர் கை தானாக வால்யூமுக்குப் போகும். பிறகு இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸ், தொண்டை கிழியும் குரல் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும்போது காது கூசும், அவசரமாகக் குறைப்பார்கள். குறைத்த சத்தத்தில் அடுத்த அமைதி காதில் விழாது, மறுபடி கூட்டுவார்கள். இப்படியே ஏற்றி இறக்கி ஒரு மணி நேரம் போனால், ஆல்பத்தில் பாதியைக் கேட்கவே இல்லை. முதலில் உச்சமான ஓர் இடத்துக்குத் தள்ளிப் போய், அங்கே எவ்வளவு சத்தம் தாங்குகிறதோ அந்த அளவில் வால்யூமை நிறுத்துங்கள். அப்புறம் தொடக்கத்துக்கு வந்து கையை எடுத்துவிடுங்கள். ஆரம்பம் மெலிதாகத்தான் கேட்கும். அதை அப்படிக் கேட்பதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

குழுவின் பெயர் ஃபால் ஆஃப் எஃப்ராஃபா. ஊர் பிரைட்டன், இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் கடலோர நகரம். 2005இல் கூடி 2009இல் கலைந்தார்கள். இடையில் மூன்று ஆல்பம்: 2006இல் ‘அவுஸ்லா’, 2007இல் ‘எலில்’, 2009இல் ‘இன்லே’. மூன்றும் ஒரே தொடர். மூன்று பாகம் என்று திட்டமிட்டு இறங்கினார்கள், மூன்றாவது வந்ததும் குழுவையும் முடித்துக்கொண்டார்கள். பாடகர் அலெக்ஸ் சிஎஃப் ஓவியரும்கூட. பின்னாளில் லைட் பேரர், மாரோ, ஆர்க்கிவிஸ்ட் என்று அவர் குரல் கொடுத்த குழுக்களைக் கேட்டவர்களுக்கு ‘எலில்’ அந்நியமாக இருக்காது. அந்தக் குழுக்கள் செய்ததற்கெல்லாம் வித்து இங்கேதான் இருக்கிறது.

இரண்டு வகை இசை இதில் கலந்திருக்கிறது. கிரஸ்ட் பங்க், அதாவது பங்க்கின் வேகமான, இருண்ட, கரடுமுரடான கிளை, 1980களில் இங்கிலாந்தில் உருவானது. டிஸ்சார்ஜ் குழுவின் வேகமும் அமெபிக்ஸின் இருட்டும் சேர்ந்த பிள்ளை. ‘கிரஸ்ட்’ என்ற பெயர், ஹெல்பாஸ்டர்ட் குழு 1986இல் விட்ட டெமோ கேசட்டின் தலைப்பிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஸ்லட்ஜ், அதாவது மெதுவாக ஊர்கிற கனத்த மெட்டல், அமெரிக்காவுக்குச் சொந்தம். மெல்வின்ஸ் பங்க்கின் வேகத்தை இழுத்துப் பிடித்தார்கள், நியூ ஆர்லியன்ஸில் ஐஹேட்காட் அதைச் சேற்றில் புரட்டி எடுத்தார்கள். ஓக்லண்டின் நியூரோசிஸ் குழு பங்க்கிலிருந்து கிளம்பி 1990களில் மெதுவாகி, கீபோர்டும் நீண்ட அமைதியும் சேர்த்து, பாட்டை ஒரு வானிலை மாதிரி ஆக்கிக் காட்டியது. ‘எலில்’ வந்தபோது இந்த வழிகள் எல்லாம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த குழுக்கள் நிறைய. ஒன்றுக்காக மற்றொன்றைக் காத்திருக்க வைத்ததுதான் இந்த ஆல்பத்தின் வேலைப்பாடு.

அதைப் புரிந்துகொள்ள டி-பீட் என்கிற தாளத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜின் முதலெழுத்துதான் அந்த ‘டி’. ஒரு சுற்றை எட்டாகப் பிரித்து எண்ணினால், பொதுவான வடிவத்தில் 1இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 3இல் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்), 4இல் கிக், 6இல் கிக், 7இல் ஸ்னேர். 5 காலி. நடுவில் விழ வேண்டிய அடி விழாமல், அரை அடி தள்ளி 6இல் விழுவதால்தான் தாளம் முன்னால் சாய்ந்து ஓடுகிற மாதிரி இருக்கிறது. கையால் தொடையில் தட்டிப் பாருங்கள். அந்த ஐந்தாவது இடத்தில் கை தவிக்கும். கிரஸ்ட்டின் உயிர் அந்தத் தவிப்பில் இருக்கிறது. வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 160 முதல் 200 துடிப்பு.

இந்த வேகத்தை ஆல்பம் முழுக்க ஓட்டினால் என்ன ஆகும் என்று சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாதா விசைத்தறி நிமிடத்துக்கு 120, 140 பிக் (ஊடை நூல் ஒரு தரம் பாய்வது ஒரு பிக்) என்று ஓடும். தறிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிடம் தலை அதிரும். பத்தாவது நிமிடத்தில் அந்தச் சத்தம் மனசுக்குள் போவதில்லை. அது எப்போது கேட்கும் என்றால், பாவு நூல் அறுந்து ஒரு தறி நிற்கும்போதுதான் கேட்கும். சுத்தமான கிரஸ்ட் ஆல்பங்கள் பலவும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம். அதற்கு மேல் போனால் வேகம் வேகமாகத் தெரியாது. ‘எலில்’ ஒரு மணி நேரம் ஓடியும் அலுக்காமல் இருப்பது, டி-பீட்டை உப்பு மாதிரி அளந்து போட்டிருப்பதால். வரும்போது கொஞ்ச நேரம் வரும், வந்த வேலை முடிந்ததும் போய்விடும்.

உடுக்கையடிப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. பாட்டுக்காரர் இழுத்து இழுத்துப் பாடி, நடுவில் வசனம் பேசி, உடுக்கையை விரல் நுனியில் மட்டும் தட்டி ராத்திரியைக் கடத்துவார். வேட்டையும் சண்டையும் வரும்போதுதான் கை ஓங்கும். படுகளத்தன்று ஆட்கள் மருள் வந்து விழுவதும் அந்த ஓங்கின கையால் மட்டுமல்ல, அதற்கு முன்னால் பல ராத்திரி சேர்த்து வைத்த காத்திருப்பால்தான். எடுத்த எடுப்பிலேயே வேகமாக அடித்தால் ஒருவரும் விழமாட்டார்கள். பிரைட்டன்காரர்களுக்கும் நம் பாட்டுக்காரருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் நீண்ட கதையை ஒலியால் சுமக்க நினைக்கிற எவரும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

கதை என்றால் முயல்களின் கதை. ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972இல் வெளியிட்ட ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலில் முயல்களுக்கு என்று ஒரு மொழி உண்டு, சாமி உண்டு, முன்னோர் கதை உண்டு. குழுவின் பெயரும் மூன்று ஆல்பத்தின் பெயர்களும் அந்த மொழியிலிருந்து எடுத்தவை. எஃப்ராஃபா என்பது ஒரு தளபதியின் இரும்புப் பிடியில் இருக்கிற முயல் வளை; யார் எப்போது வெளியே வந்து மேய வேண்டும் என்பதுகூட அங்கே உத்தரவுதான். அவுஸ்லா, வளைத் தலைவனைச் சுற்றி இருக்கும் பலசாலிகளின் கூட்டம். எலில் என்றால் பகைவர்: நரி, கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும் வீசல் வகையறா, மனிதன், முயலைக் கொன்று தின்னும் எல்லாமும். இன்லே என்றால் நிலா, சாவின் பெயரும் அதுவே. எல்-அஹ்ரைரா முயல்களின் ஆதி நாயகன். ஆயிரம் பகைவர் உள்ள இளவரசன் என்று பொருள். அந்த முயல்களுக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதற்கு மேற்பட்ட எல்லாமே ‘ஆயிரம்’தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் கதை நன்றாகப் பிடிபடும். காங்கேயம், தாராபுரம் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல்லுக்குள்ளிருந்து விருட்டென்று கிளம்பி ஓடுகிறதே, அந்த முயல் வளை தோண்டாது. புல்லில் ஒரு சின்னப் படுகை மட்டும் அமைத்துப் பதுங்கும். தனியாக வாழும், ஓடித்தான் தப்பிக்கும். ஆடம்ஸின் முயல் வேறு இனம். மண்ணுக்குள் பல வாசல் வைத்து வளை தோண்டி, கூட்டமாகக் குடியிருக்கும். அதனால்தான் அந்தக் கதையில் ஆட்சி, காவல், வரிசை, துரோகம் எல்லாம் வருகிறது. நம் கொறங்காட்டு முயலை மனசில் வைத்துக்கொண்டு கேட்டால் இந்தப் பாட்டில் ஏன் இத்தனை அடைப்பும் மூச்சுமுட்டலும் என்று விளங்காது. கிளுவை வேலிக்குள் ஓடுகிற முயலை மறந்துவிட்டு, மண்ணுக்குள் பத்துப் பேர் நெருக்கி இருக்கும் ஓர் இருட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடரின் முதல் பாகம் அதிகாரத்தைப் பற்றியது. ‘எலில்’ மதத்தைக் குறிவைக்கிறது. மூன்று பாட்டு: ‘பியாண்ட் த வெய்ல்’, ‘டொமினியன் தியாலஜி’, ‘ஃபார் எல்-அஹ்ரைரா டு க்ரை’. ஒவ்வொன்றும் 20 நிமிடத்தைச் சுற்றி. திரைக்கு அப்பால் என்பது முதல் தலைப்பின் பொருள். இரண்டாவது, உயிர்கள் எல்லாவற்றின் மேலும் மனிதனுக்கு ஆளுகை கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிற ஆதியாகமத்துக் கருத்தின் மேல் நேராகக் கை வைக்கிறது. கடவுள் மறுப்பு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1925இல் ‘குடி அரசு’ கிளம்பியது ஈரோட்டிலிருந்துதான். அந்த வழியில் வந்த வாசகருக்கு இந்த ஆல்பத்தில் அதிர்ச்சி தருவது மறுப்பு அல்ல, அது போய் நிற்கிற இடம். மனிதனை மனிதன் தாழ்த்த மதம் துணைபோவதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். ஆட்டையும் கோழியையும் முயலையும் மனிதன் தன் சொத்தாக எண்ண அதே மதம் எப்படித் துணைபோகிறது என்று இவர்கள் கேட்கிறார்கள். விலங்கு விடுதலை இந்தக் குழுவுக்கு உயிர்க்கொள்கை. கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்போன பல்லடத்திலும், முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லிலும் இந்தக் கேள்வி காதோரம் கடந்து போய்விடாது. உடன்படுவதும் மறுப்பதும் கேட்பவர் விருப்பம். ஆனால் வரிகளைப் படிக்காமல் வெறும் ஒலியாகக் கேட்டுவிட்டுப் போனால் ஆல்பத்துக்கு நியாயம் செய்ததாகாது.

முதல் பாட்டுதான் மூன்றில் மிகச் சரியாக வார்க்கப்பட்டது. அமைதியிலிருந்து கனத்துக்கு ஏறுவதில் அவசரமே இல்லை. ஒரு சின்னக் கிதார் மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்றை மட்டும் சேர்க்கிறார்கள்: ஒரு முறை டிரம்ஸின் அடி கூடுகிறது, ஒரு முறை இரண்டாவது கிதார் மேல் சுரத்தில் நுழைகிறது, ஒரு முறை பேஸ் கரகரக்கத் தொடங்குகிறது. கனம் வந்து சேரும்போது அது புதிதாக வந்ததாகத் தோன்றாது. முன்பே அடியில் இருந்து மேலே வந்த மாதிரி இருக்கும். இந்த வகை இசையில் பலர் சறுக்குவது இங்கேதான். அமைதியான பகுதிக்கு ஒரு மெட்டு, கனமான பகுதிக்குச் சம்பந்தமில்லாத வேறொரு மெட்டு என்று ஒட்டுப்போடுவார்கள். அப்போது அமைதி வெறும் காத்திருப்பு அறை ஆகிவிடும்.

இரண்டாவதுதான் குறை சொல்ல வேண்டிய பாட்டு. கோபம் அதிகம், பங்க் முகம் நன்றாகத் தெரிகிறது. தனியாக எடுத்துக் கேட்டால் நிறைவாகவே இருக்கும். ஆனால் முதல் பாட்டு கட்டிய பொறுமை இதில் இல்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் அமைப்பு ஏற்கெனவே ஒரு தரம் கேட்டதுதான். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நடுப்பகுதியில் நாலு நிமிடம் சுருக்கியிருந்தால் கருத்தும் கூர்மையாகியிருக்கும். வாதம் செய்கிற பாட்டுக்கு நீளம் உதவாது; துக்கப் பாட்டுக்குத்தான் உதவும்.

அந்தத் துக்கம் மூன்றாவதில் வருகிறது. எல்-அஹ்ரைரா அழுவதற்கு என்ற தலைப்பே போதும். நாவலின் உள்ளே ஒரு கதை உண்டு: தன் கூட்டத்தைக் காப்பாற்ற அந்த நாயகன் இன்லேயின் கறுப்பு முயலிடம் போய்த் தன் உயிரைக் கொடுக்கப் பார்த்து, காதும் வாலும் மீசையும் இழந்து திரும்புவான். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால் இந்தப் பாட்டின் மெட்டில் இருக்கும் இரக்கம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். இதில் கிதார்கள் கனமாக இருக்கும்போதும் மெட்டைக் கைவிடவில்லை. ஸ்லட்ஜ் ஆட்கள் கனத்துக்காக மெட்டைப் பலிகொடுப்பதும், கிரஸ்ட் ஆட்கள் வேகத்துக்காகப் பலிகொடுப்பதும் வழக்கம். இங்கே இரண்டுமே நடக்கவில்லை. ஆல்பத்தின் உச்சம் இதுதான், இதற்கு முன்னால் 40 நிமிடம் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்.

குரலைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். அலெக்ஸின் குரல் உறுமலுக்கும் கதறலுக்கும் இடைப்பட்டது. ஆல்பம் முழுக்க அநேகமாக ஒரே உயரத்தில் நிற்கிறது. கிதார்கள் இத்தனை நிறம் மாறும்போது குரல் மாறாதது ஒரு குறை. சொற்களைக் காதால் பிரித்தெடுக்க முடியாது, வரித்தாளை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் நிறைய இடம் விடுகிறார். நிமிடக்கணக்கில் குரலே இல்லாத பகுதிகள் உண்டு. இந்த இசைக்குப் புதியவர்களுக்கு அதுவே கைப்பிடி.

இனி எதில் கேட்பது என்பது. கிரஸ்ட், ஸ்லட்ஜ் குழுக்கள் கிதாரைத் தாழ்த்திச் சுருதி சேர்ப்பார்கள். ‘சி’ சுரம் வரைக்கும் இறக்குவது சாதாரணம். அந்தச் சுருதியில் கிதாரின் தடித்த கம்பி 65 ஹெர்ட்ஸ், பேஸ் கிதாரின் தடித்த கம்பி 33 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே உருப்படியாக வராது. அதில் கேட்டால் மேலே உள்ள கரகரப்பு மட்டும் வரும், அடித்தளம் இல்லாத சுவர் மாதிரி. கைப்பேசி ஸ்பீக்கர் அதைவிட மோசம். காதை மூடி உட்காரும் ஹெட்போன் ஒன்று, ஒயர் வைத்தது, போதும். அல்லது ஐந்து அங்குலத்துக்குக் குறையாத ஊஃபர் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர். ‘பேஸ் பூஸ்ட்’ பொத்தானை அணையுங்கள்: அது தூக்குவது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸைச் சுற்றிய இடத்தை, அங்கே ஏற்கெனவே இரண்டு கிதாரும் கிக்கும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஈக்வலைசரைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஓர் இரண்டு டெசிபெல் குறையுங்கள். சேறு விலகி டிரம்ஸ் தெரியும். வேறெதையும் கூட்ட வேண்டாம்.

கோப்பு ஃப்ளாக்காக (ஒலியை இழக்காமல் சுருக்கும் வடிவம்) இருக்கட்டும். எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ். 128இல் முதலில் சாவது சிம்பல், அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு. தண்ணீர் சலசலக்கிற மாதிரி கேட்கும். காரணம், முறுக்கிய கிதாரும் சிம்பலும் சேர்ந்த ஒலி கிட்டத்தட்ட இரைச்சலுக்குச் சமம். சுருக்கும் மென்பொருள் எதைத் தூக்கி எறிவது என்று தெரியாமல் தடுமாறுவது இரைச்சலில்தான். பேண்ட்கேம்ப் என்கிற இணையத்தளம் வழியாக வாங்கினால் கோப்பின் வடிவத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்னால் வங்கி செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். பணம் கட்டும் இடத்தில் பலருக்கும் நின்றுபோவது இதனால்தான், கார்டில் கோளாறு எதுவும் இருக்காது.

இசைத்தட்டாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 12 அங்குல எல்பியில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரைதான் நல்ல ஒலி. அதற்கு மேல் போனால் வரித்தடங்களை நெருக்க வேண்டிவரும், சத்தமும் பேஸும் குறையும். 20 நிமிடப் பாட்டு ஒரு பக்கத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் பாட்டின் உச்சம் கடைசி நிமிடங்களில் வருகிறது. தட்டில் கடைசி நிமிடங்கள் என்றால் நடுவை ஒட்டிய உள்வட்டம். ஊசிக்கு முன்னால் தடம் நகரும் வேகம் அங்கேதான் மிகக் குறைவு, சிதைவு அங்கேதான் அதிகம். ஊசி தேய்ந்திருந்தாலோ, கோணம் சரியாக வைக்கப்படாமல் இருந்தாலோ, அழ வேண்டிய இடத்தில் தகரம் கிழியும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தபால் செலவையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தை முதலில் நல்ல ஊசிக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ஓடும் வண்டியில் இந்த ஆல்பம் வேண்டாம். அவிநாசி சாலையில் கண்ணாடியை ஏற்றி வைத்துப் போனாலும் டயர் இரைச்சல் 60 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை அடைத்துக்கொள்ளும். பேஸின் மெட்டில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அமைதியான பகுதிகள் காணாமல் போய், உச்சங்கள் மட்டும் மிஞ்சும்.

வீட்டில் 10க்கு 12 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். 12 அடி நீளத்துக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் அறை தானாகவே முழங்கும். தாழ்ந்த பேஸ் சுரங்கள் சிலது இதில் சிக்கினால் அந்தச் சுரம் மட்டும் வீங்கி, மற்றவை மெலியும். ஆல்பத்தின் கலவையில் குறை என்று பலர் நினைப்பது உண்மையில் இதுதான். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடியாவது விலக்கி வையுங்கள். சுவரோடு ஒட்டி உட்காராதீர்கள், அறையின் நட்டநடுவிலும் வேண்டாம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருங்கள். திருப்பூர், கோவைப் பக்கம் கழிவுப் பஞ்சு சுலபமாகக் கிடைக்கிறது. துணியில் தைத்து நாலு அங்குலத் தடிமனில் சுவரில் மாட்டினால் குரலும் சிம்பலும் அடங்கும். முழக்கம் அடங்க அது போதாது. மூலையில் ஓர் அடித் தடிமனுக்கு மேல் தரையிலிருந்து கூரை வரை நிறுத்த வேண்டும். பஞ்சு என்பதால் பிளக் பாயின்ட்டிலிருந்தும் விளக்கிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள். இறுக்கிக் கட்டிய பொதியாக வைத்தால் பயனில்லை, காற்று உள்ளே போய்வர வேண்டும்.

சத்தத்தின் அளவு பற்றி அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் (NIOSH) ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதி. அப்படிப் பார்த்தால் 94 டெசிபெலில் ஒரு மணி நேரம்தான். ‘எலில்’ ஒரு தரம் அந்த அளவில் ஓடினால் அன்றைய காதின் கூலி தீர்ந்தது. தறிக்கூடத்திலோ நூல் மில்லிலோ ஷிஃப்ட் முடித்து வந்த நாளில் இந்த ஆல்பத்தைச் சத்தமாகக் கேட்காதீர்கள். காதில் கிண்ணென்ற ரீங்காரம் மிச்சமிருந்தால் அன்றைக்கு எதையுமே வேண்டாம். கேட்பதாயிருந்தால் காலையில், தூங்கி எழுந்த காதோடு.

இதைக் கேட்டுவிட்டு இந்த மாதிரி வாசிக்க வேண்டும் என்று கை ஊறுகிற கிதார்காரர்களுக்கு. சி வரை இறக்கும்போது கடையில் போட்டுத் தரும் 9, 10 எண் கம்பி தொளதொளத்துப் போகும். ஓங்கி அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு கீழே விழும். 12-56 செட் போடுங்கள். கம்பி தடித்ததும் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் துண்டு) பள்ளம் பத்தாது, பள்ளத்தை அகலப்படுத்தாவிட்டால் கம்பி சிக்கிச் சிக்கி விடும், சுருதி நிற்காது. பிறகு பிரிட்ஜில் 12ஆவது கட்டையின் சுருதியைச் சரிபாருங்கள். முறுக்கு, அதாவது கெயின், நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். கெயின் முழுக்க ஏறினால் மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான் வரும், இந்த இசைக்கு ஆதாரமான ஏற்றம் அங்கேயே செத்துவிடும். கனம் இரண்டு கிதாரும் பேஸும் ஒன்றாகச் சேர்வதில் வருகிறது, ஒரே பெடலில் வருவதில்லை. அமைதியான பகுதிக்கு டிலே (எதிரொலி தரும் பெடல்) வைக்கும்போது 60,000ஐத் தாள வேகத்தால் வகுத்தால் ஒரு துடிப்பின் மில்லிசெகண்ட் கிடைக்கும்: 80 வேகத்துக்கு 750. காதுக் கணக்கில் வைத்தால் டிரம்ஸ் வந்து சேரும்போது எதிரொலி தாளத்தை விட்டு விலகித் தனியாக உளறும்.

டிரம்மருக்கு ஒன்று. மெதுவிலிருந்து டி-பீட்டுக்குத் தாவும்போது வேகத்தைச் சரியாக இரட்டியுங்கள், 90 என்றால் 180. இடைப்பட்ட வேகத்துக்குத் தாவினால் கிதார்காரர்களுக்குப் பிடிக்க இரண்டு சுற்று ஆகும், அந்த இரண்டு சுற்றில் உச்சம் சிதறிப்போகும். 20 நிமிடப் பாட்டில் 15ஆவது நிமிடத்தில்தான் வேகப் பகுதி வருகிறது என்றால், அதுவரை தோளை இறுக்கி அடித்தவருக்கு அங்கே கை வராது. பயிற்சியில் வேகப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஓட்டிப் பழகுகிறார்கள். மேடையில் தோற்பது அதனால்தான். முழுப் பாட்டையும் தொடர்ந்து ஓட்டினால் மட்டுமே இந்தப் பலவீனம் தெரியவரும்.

தொடரை எங்கே தொடங்குவது என்று கேட்டால், பங்க் கேட்டுப் பழகியவர்கள் ‘அவுஸ்லா’விலிருந்து போகலாம், பாட்டுகள் சிறியவை, வேகம் கூடுதல். நியூரோசிஸ் வழியில் வந்தவர்களுக்கு ‘இன்லே’ உடனே பிடிக்கும். மூன்றில் அதுதான் பெரியது, கனமானது, மிக மெதுவானது. ஆனால் இரண்டு வகையும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்பது நடுவில் உள்ள ‘எலில்’லில்தான். இரண்டாவது பாட்டின் குறையோடு சேர்த்தே சொல்கிறேன், முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

கேட்க உட்காரும் முன் செயலியில் தானாக அடுத்த பாட்டு ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். மூன்றாவது பாட்டு தேய்ந்து முடிந்ததும் வேறேதாவது குழுவின் பாட்டு முழங்கிக்கொண்டு வந்தால், ஒரு மணி நேரம் அசையாமல் வைத்திருந்த கை திரும்பவும் வால்யூமுக்குத்தான் போகும்.